கை நனைக்க ஒரு பூங்கா

என் வீட்டுக்காரருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் பேச்சு நின்றுபோனதால்தான் நான் பூங்காவைப் பார்த்தேன். இல்லாவிட்டால் பாகூர்க்காரிக்குப் பூங்காவில் என்ன வேலை? ஏரிக்கரையில் இல்லாத காற்றா, எங்கள் வரப்பில் இல்லாத பச்சையா? டவுனுக்குப் போனால் துணிக்கடை, மருந்துக்கடை, பெரியாஸ்பத்திரி, பிறகு திரும்பி வரும் பஸ். பூங்கா என்பது வேலைவெட்டி இல்லாதவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் என்றுதான் ஐம்பது வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை ஒரு கல்யாணப் பத்திரிகையில் தொடங்கியது. என் அக்காவை மண்ணாடிப்பட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறது. கரும்புக்காரக் குடும்பம். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பாகூருக்குப் பத்திரிகை கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தத்துக்குப் பத்திரிகை கொடுப்பது என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வர வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, குங்குமம் வைத்து, அதன் மேல் பத்திரிகையை வைத்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல். மாமா மட்டும் வண்டியில் வந்தவர், வழியில் உரக்கடை வாசலில் என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டார். நம்ம ஆள்தானே என்று பையிலிருந்து பத்திரிகையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்து பத்திரிகையை மாடத்தில் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"நட்டநடு ரோட்ல கைல குடுத்துட்டுப் போறான். நான் இன்னா நோட்டீசு வாங்குறவனா?"

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்லியாம். நம்ம வூட்டு ஆளுன்னுதான குடுத்தாரு?"

"வூட்டு ஆளுன்னா வூட்டுக்கு வரணும்."

எங்கள் வீட்டிலிருந்து யாரும் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. அவர் கடைத்தெருவுக்குப் போய் இட்லி வாங்கித் தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் மோட்டார் கொட்டகைக்குப் போனார். மண்ணாடிப்பட்டிலிருந்து பதில் நான்கைந்து நாளில் வந்தது. என் பெண் கல்யாணத்தில் கை நனைக்காதவர்கள் வீட்டில் இனிமேல் எங்கள் வீட்டிலிருந்து யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்று மாமா சொல்லிவிட்டார். கை நனைப்பது என்றால் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் ஊர்களில் பகை என்றால் அடிதடி இல்லை, அவ்வளவுதான் பகை. சாப்பாடு நின்றால் போக்குவரத்தும் நின்றுவிடும், போக்குவரத்து நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

தாய்வீட்டில் சந்தித்துக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் தாய்வீடு ஏம்பலத்தில். அப்பா அம்மா போன பிறகு அங்கே சித்தப்பா மகன் இருக்கிறான். போனால் காபி கொடுப்பான். கூடவே அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லுவான்.

ஆனி மாதம் ஒருநாள் அக்கா போன் செய்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை வாங்க வில்லியனூர் வழியாக பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வருவாள்.

"வெள்ளிக்கெழம மாத்திர வாங்க வரன்டி. ஆஸ்பத்திரிகிட்ட பார்க்கு இருக்குது இல்ல, வெள்ள மண்டபம் வச்ச பார்க்கு, அங்க வந்து குந்து. நான் வரன்."

போய் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக. நடுவில் நான், மடியில் டிபன் டப்பாவோடு. அக்கா வந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அதற்குப் பிறகு பசித்தது. டப்பாவை எடுத்தேன், ஆனால் திறக்கக் கை வரவில்லை. அவள் பையிலும் ஒரு டப்பா இருந்தது, அதுவும் திறக்கவில்லை. அக்காதான் யோசித்துக் கேட்டாள்.

"ஏண்டி, இது யாரு வூடு?"

"கவருமெண்டு வூடு."

"அப்புறம் இன்னா? பிரி."

என் புளிச்சோற்றை அவள் தின்றாள். அவள் கொண்டுவந்த இட்லியை நான் தின்றேன். குழாயில் கை கழுவினோம். எந்த வீட்டுச் சட்டத்தையும் நாங்கள் மீறவில்லை. அது முதல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பூங்கா.

சாப்பிட்ட பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி என் மடியில் வைப்பாள். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், முள் குத்தினால்கூடத் தெரியாது. அவள் மாமியாருக்கு அப்படி ஒரு கொப்புளத்தில் தொடங்கித்தான் காலையே எடுத்தார்கள். அக்கா கரும்புக் கொல்லையில் நடக்கிறவள். வெட்டிய கட்டையெல்லாம் ஈட்டி மாதிரி நிற்கும். குனிந்து தன் உள்ளங்காலைத் தானே பார்த்துக்கொள்ள அவள் உடம்பு வளையாது, வீட்டில் மகனிடமோ மருமகளிடமோ காட்டக் கூச்சம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பேன், குதிகாலை அழுத்துவேன்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

பதில் வர நேரம் ஆகும். நான் இன்னும் அழுத்துவேன். "தெரியுதுடி, சும்மா அமுக்காத" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வரும். இந்த வைத்தியத்தைக் கண்டு ஜோடிகள் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். வாட்ச்மேன் ஒருவர் விசில் வைத்திருந்தார். தோளில் சாய்ந்தவர்களைப் பார்த்து ஊதிக்கொண்டே சுற்றுவார். எங்களைத் தாண்டும்போது மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். "நம்மளப் பாத்து ஒரு நாளாவது ஊதுறானா பாரு" என்று அக்காவுக்கு ஒரே குறை.

எனக்குப் பூங்கா முதலில் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மாடு மேயாத புல்லுக்கு அவ்வளவு தண்ணீர் பாய்ச்சுகிறார்களே என்று எரிச்சலாக வந்தது. எங்கள் கடைமடை நிலத்தில் ஏரித் தண்ணீருக்கு நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கத்தரிக்கோலால் செடிக்குக் கிராப்பு வெட்டிவிடுகிறவரைப் பார்த்து, "நல்லா வளந்த செடிய ஏம்பா இப்புடி மொட்ட அடிக்கிற?" என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

பிடித்துப்போனது அடுத்த சித்திரையில். வெயில் தாங்காமல், மண்டபத்துப் பூங்காவோடு டவுனின் தெற்கே இருக்கும் இன்னொரு தோட்டத்துக்கும் போக ஆரம்பித்தோம். கார்டன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே கிழட்டு மரங்கள். ஒரு தூங்குமூஞ்சி மரம் ஒரு களத்துமேட்டு அகலத்துக்கு நிழல் போட்டிருந்தது. பக்கத்தில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஏனோ உடம்பு லேசாக இருந்தது. ஏன் என்று வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. அந்த மரங்கள் எனக்கு எந்த வேலையும் வைக்கவில்லை. எங்கள் வீட்டுப் புளியமரம் காய்த்தால் உலுக்க வேண்டும், பொறுக்க வேண்டும், கொட்டை எடுக்க வேண்டும். வேம்பு பூத்தால் பூ கூட்ட வேண்டும், பழுத்தால் கொட்டை பொறுக்க வேண்டும். தென்னை மட்டை விழுந்தால் ஈர்க்கு உரிக்க வேண்டும். நான் பிறந்தது முதல் மரம் என்றால் வேலை, மழை என்றால் வேலை, தை என்றால் இடுப்பு ஒடிகிற வேலை. ஒரு மரத்தைச் சும்மா பார்த்தது அப்போதுதான்.

"இதோட காய் எதுக்காவது ஆவுமா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"ஒண்ணுத்துக்கும் ஆவாது. வாய மூடிக்கினு பாரு."

அதற்குப் பிறகு நான் பூங்காவுக்குப் பைத்தியமாகிவிட்டேன். ஆடியில் காற்று பெஞ்சு மேலெல்லாம் சருகைக் கொட்டும். அக்கா அவள் ஊர் மாரியம்மன் கோயில் கூழைத் தூக்கில் கொண்டுவருவாள். ஒருமுறை தொட்டுக்கொள்ள நான் கருவாடு வறுத்து எடுத்துப் போனேன். டப்பாவைத் திறந்ததும் அந்தப் பக்கம் இருந்த காதல் எல்லாம் எழுந்து ஓடிவிட்டது. நல்ல நிழலான பெஞ்சு அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் எங்களுக்கே கிடைத்தது. ஐப்பசியில் மழை வலுத்தால் மண்டபத்தின் படியில் ஒண்டிக்கொண்டு, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ஒரு வருடம் புயல் அடித்து மரங்கள் சாய்ந்து, இரண்டு பூங்காவிலும் கேட்டில் சங்கிலி போட்டுவிட்டார்கள். நாங்கள் இருவரும் வெளியே குடையோடு நின்றோம். "இது இன்னா உங்க வூட்டுக் கதவா? தொறங்க" என்று வாட்ச்மேனிடம் கத்தினேன். "உள்ள கெள ஒடிஞ்சித் தொங்குதும்மா, உங்க தலைலதான் வுழும்" என்றார். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அக்காவின் காலை எப்படிப் பார்ப்பது? இரண்டு பேரும் அவரவர் பஸ்ஸில் ஏறிவிட்டோம். அடுத்த மாதம் வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. நாற்று நடும்போதுகூட அவள் குதிகாலே கண்ணுக்குள் இருந்தது.

எல்லாவற்றிலும் நான் காத்திருப்பது கார்த்திகைக்கு. கார்டனில் ஒரு மரமல்லி நின்றது. கார்த்திகை மார்கழியில் பூ கொட்டும், நீளக் காம்போடு வெள்ளைவெளேரென்று. தரை தெரியாது. நாங்கள் கீழே உட்கார்ந்தால் தலையில், டப்பாவில், அவள் பாதத்தில் எல்லாம் விழும். அக்கா ஒரு கை பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். நானும் முடிந்துகொள்வேன். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் என் வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "பார்க்குல கூட்டமா?" என்பார். உங்கள் அக்கா நன்றாக இருக்கிறாளா என்று கேட்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. "கூட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்பேன். தை அறுப்பு முடிந்ததும் புது அரிசியை ஒரு பையில் கட்டி வைத்துவிட்டு, "பஸ்ல எடம் இருந்தா எடுத்துக்கினு போ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பக்கத்திலிருந்து வெல்லம் வரும். இரண்டு வீராப்புக்காரர்களும் பொருளை அனுப்புவார்கள், பேரை அனுப்ப மாட்டார்கள்.

பிறகு ஒரு மாசி மாதம் எல்லாம் மாறியது. என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை. எங்கள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, பெரியாஸ்பத்திரியில் காட்ட என்னோடு வந்தார். அன்று அக்காவுக்கு மயக்கமாக இருந்ததால் மாமாவும் அவளோடு வந்திருந்தார். மண்டபத்துப் பூங்காவில் நான்கு பேரும் எதிரெதிரே வந்து நின்றோம். என் கண்ணும் அக்கா கண்ணும் பேசிக்கொண்டன. ஆண்கள் ஆளுக்கு ஒரு பெஞ்சில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. சாப்பிடாமல் எவ்வளவு நேரம் இருப்பார்கள்? அக்கா கொண்டுவந்த சோற்றில் ஒரு தட்டு இவருக்குக் கொடுத்தேன், என் குழம்பை மாமாவுக்கு ஊற்றினேன். யார் வீட்டு வாசலும் இல்லையே, வெறும் பெஞ்சுதானே என்று இருந்தோம். இவர் தலையைக் குனிந்துகொண்டே தின்று முடித்தார். கை கழுவக் குழாய்க்குப் போனால் அங்கே மாமா. ஒரே குழாய். மாமா நகர்ந்து கொடுத்தார். இவர் கையை நீட்டினார். புரை விழுந்த கண்ணுக்குத் தண்ணீர் தெரியாமல் கை வேறு பக்கம் போனது. மாமா அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தார்.

"கண்ணு இவ்ளோ மங்கிப்போச்சா?" என்றார்.

"ம்" என்றார் இவர்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னார்: "அவங்க சோத்துல கை நனச்சாச்சி. அப்புறம் இன்னா பகை வேண்டிக் கெடக்குது?"

பூங்காவில் தின்றால் கணக்கில் வராது என்றல்லவா நாங்கள் அத்தனை வருடம் தின்றோம்! பெண்கள் தின்றால்தான் கணக்கில் வராது போலிருக்கிறது. அடுத்த வாரமே அக்காவும் மாமாவும் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெற்றிலை, பழம், பூ, ஒன்றும் குறையவில்லை. நான் அழுதுகொண்டே வடை சுட்டேன், சந்தோஷ அழுகைதான். தெய்வத்துக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு நாங்கள் போக்குவரத்தாகிவிட்டோம். அக்கா வந்தால் தனியாக வருவதில்லை. மகன், மருமகள், பேரன், மாமா என்று காரில் வருவார்கள். அவளைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து ஃபேன் போட்டுவிட்டு நான் அடுப்படிக்கு ஓடுவேன். எட்டிப் பார்த்தால் அவள் புடவையை இழுத்து இழுத்துக் காலை மூடியபடி, கரும்பு விலையைப் பற்றி ஆண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அங்கே போனாலும் இதே கதை, இடம்தான் மாறும். "வாடி, தின்னுடி, இருந்துட்டுப் போடி" என்பாள். வேறு பேச்சுக்கு நேரம் இருக்காது. அத்தனை பேர் நடுவில், ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், காலைத் தூக்கி மடியில் வை என்று எப்படிச் சொல்வது?

மாத்திரையை இப்போது அவள் மகன் வண்டியில் போய் வாங்கி வந்துவிடுகிறான். நல்ல பிள்ளை. குறை சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் இவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய்விட்டு வரட்டுமா என்று.

"டவுன்ல இன்னா?"

"அக்கா வந்தா பார்க்குல..."

"பார்க்கா? அதான் நமக்கு வூடு இருக்குதே! ரெண்டு வூடு இருக்கும்போது ரோட்ல போயி குந்துவியா? பாக்குறவன் நமக்குள்ள இன்னும் சண்டன்னு நெனப்பான்."

எனக்கு ஏக்கமாக இருக்கிறது என்றால் எதற்கு என்று கேட்பார். பெஞ்சுக்கு என்றா சொல்வது? சித்திரை வந்தால் கொன்றை பூத்திருக்குமே என்று மனம் அடித்துக்கொள்ளும். எங்கள் ஏரிக்கரையிலேயே இரண்டு கொன்றை நிற்கிறது, போய்ப் பார்த்தேன். அதனடியில் எங்கள் மாடு கட்டியிருந்தது. சாணியை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன கார்த்திகையில் அக்கா பேரனுக்குக் காது குத்து. முறைப்படி தட்டு வைத்து அழைத்தார்கள். மண்ணாடிப்பட்டில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பந்தி. ஆண்கள் வரிசையில் இவருக்கு நல்ல இடமாகப் பார்த்து மாமாவே உட்காரவைத்தார். எதிர்வரிசையில் நான். சமையல்காரர்கள் பரிமாறிக்கொண்டிருந்தாலும், நெருங்கிய சொந்தத்துக்குத் தன் கையால் பாயசம் ஊற்ற வேண்டும் என்று அக்கா வாளியோடு வந்தாள். முதலில் என் இலைக்குத்தான் வந்தாள். குனிந்து ஊற்றும்போது என் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

"உன் வூட்டுக்காரருக்குப் பாயசம் வைக்காம வுட்டுடட்டுமாடி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு கரண்டி போதும். எல்லோருக்கும் வைத்து இவருக்கு மட்டும் வைக்காமல் போனால், இவர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார். இன்னும் சில வருடங்களுக்கு எங்களுக்குப் பூங்கா கிடைத்துவிடும். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இவர் எதிரில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற மாமாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போயி ஊத்துக்கா" என்றேன்.

போனாள். இரண்டு கரண்டியாக ஊற்றினாள். இவர் வழித்துத் தின்றுவிட்டு, "உங்கக்கா கையில பாயசம் ருசிதான்" என்று அங்கிருந்தே எனக்குக் கேட்கும்படி சொன்னார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நடந்தாள். வெறுங்காலோடு நடந்தாள். வலது குதிகாலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, ஓரம் கறுத்துப்போய், ஒட்டிப் பல நாள் ஆனது மாதிரி.

"அக்கா" என்று கூப்பிட்டேன். பந்தல் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மூன்று இலை தள்ளி யாரோ பாயசம் கேட்டார்கள்.

அது மரமல்லி கொட்டும் மாதம்.